காணொளி காட்டாத பாதி: தருமபுரியில் இருந்துகொண்டு கேம் எஞ்சின் கற்பது

கோடோ என்னும் இலவசக் கேம் எஞ்சினில், அதாவது கணினி விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளில், ஓடிக் குதிக்கும் பாத்திரம் ஒன்றை உருவாக்க, ‘கேரக்டர்பாடி2டி’ என்ற நோடைச் (விளையாட்டைக் கட்டும் அடிப்படைக் கூறு) சேர்த்து அதற்கு ஒரு ஸ்கிரிப்டை (நிரல் கோப்பு) இணைத்தால், மென்பொருளே ஒரு மாதிரி நிரலை எழுதித் தந்துவிடுகிறது. அந்த நிரலின் தலைப்பகுதியில் இரண்டு எண்கள் இருக்கும்: ஓடும் வேகம் 300, குதிக்கும் திசைவேகம் மைனஸ் 400. பயிற்சிக் காணொளிகள் பலவும் இந்த இடத்தைச் சில நொடிகளில் கடந்துவிடுகின்றன. சொல்லித் தருபவர் இயக்கிக் காட்டுகிறார், பாத்திரம் குதிக்கிறது. பார்ப்பவரும் இயக்குகிறார், அவருடைய பாத்திரமும் குதிக்கிறது. குதிப்பதற்கு ஏன் மைனஸ் வேண்டும், நானூறு என்பது எதன் அளவு, அதை ஐந்நூறாக்கினால் பாத்திரம் எவ்வளவு உயரம் கூடுதலாகப் போகும் என்ற கேள்விகள் எழுவதற்குள் காணொளி அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும்.

இக்கேள்விகளுக்கான விடை, பென்னாகரத்திலோ ஊத்தங்கரையிலோ பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுத்துப் படிக்கும் மாணவரின் புத்தகப் பைக்குள்ளேயே இருக்கிறது. இயற்பியல் பாடநூலின் இயக்கவியல் பாடத்தில், மேல்நோக்கி எறியப்பட்ட பொருள் அடையும் பெரும உயரத்தைக் கண்டறிய, தொடக்கத் திசைவேகத்தின் இருமடியை ஈர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கால் வகுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கோடோவின் இருபரிமாண வெளியில் ஈர்ப்பு முடுக்கம் இயல்பாக 980 என்று வைக்கப்பட்டிருக்கிறது. மீட்டருக்குப் பதில் பிக்சல், அதாவது திரையின் புள்ளி. 400-இன் இருமடி 1,60,000. அதை 1,960-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 82 பிக்சல். உச்சியை எட்ட 0.41 நொடி, தரைக்குத் திரும்ப இன்னொரு 0.41 நொடி, அந்த 0.82 நொடியில் 300 வேகத்தில் ஓடும் பாத்திரம் கடக்கும் கிடைமட்டத் தொலைவு ஏறத்தாழ 245 பிக்சல். எண்ணை 500 ஆக்கினால் உயரம் 128 பிக்சலாகிறது. அதாவது திசைவேகத்தைக் கால் பங்கு கூட்டினால் உயரம் பாதிக்கு மேல் கூடிவிடுகிறது. மைனஸ் குறிக்கான காரணமும் எளியதே: திரையின் மேல் இடது மூலையே சுழி, கீழே போகப் போக ஒய் அச்சின் மதிப்பு கூடும், ஆகவே மேலே எழுவது எதிர்மறை. எஞ்சின் இக்கணக்கை நொடிக்கு 60 தவணைகளாகப் பிரித்துப் போடுவதால் விடையில் சில பிக்சல்கள் முன்பின் இருக்கும். அதற்கு மேல் வேறுபாடு இல்லை.

இந்தக் கணக்கைப் போட்டவருக்கு, தன் விளையாட்டில் ஒரு பள்ளத்தை 230 பிக்சல் அகலத்தில் வைத்தால் தாண்ட முடியும், 260-இல் வைத்தால் முடியாது (பாத்திரத்தின் அகலத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால்) என்பது இயக்கிப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்திருக்கும். போடாதவர் ஒவ்வொரு பள்ளத்தையும் வைத்து, ஓட்டிப் பார்த்து, நகர்த்தி, மறுபடியும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். இணையவழிப் பயிற்சியின் குறைபாடு என்று பலரும் சொல்வது காணொளிகளின் தரத்தைப் பற்றியே. உண்மையில் தரமான காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. எந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்ற பாதியைக் காணொளி என்னும் வடிவம் இயல்பாகவே விட்டுவிடுகிறது என்பதும், விடுபட்ட அந்தப் பாதியின் பெரும்பகுதி நம் மாணவர்கள் தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்து மறந்துவிடுகிற பாடங்களில் கிடக்கிறது என்பதுமே இங்குள்ள சிக்கல்.

கேம் எஞ்சின்களும் அவற்றோடு பயன்படும் மென்பொருள்களும் ஏன் இவ்வளவு கடினமானவை என்பதை அவற்றின் பிறப்பைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். அன்ரியல் எஞ்சின், எபிக் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கி 1998-இல் வெளிவந்த அதே பெயருடைய விளையாட்டுக்காக எழுதப்பட்டது. யூனிட்டி, டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஒரு சிறு குழு 2005-இல் ஆப்பிள் கணினிகளுக்கென வெளியிட்டது. கோடோ, அர்ஜென்டினாவைச் சேர்ந்த இரு நிரலர்கள் தங்கள் தொழில் தேவைக்காக உருவாக்கி வைத்திருந்து, 2014-இல் திறந்த மூலமாக்கியது. முப்பரிமாண உருவங்களைச் செய்யப் பயன்படும் பிளெண்டரும் நெதர்லாந்தில் ஒரு நிறுவனத்தின் உள்கருவியாகத் தொடங்கி, 2002-இல் பொதுமக்களிடம் ஒரு லட்சம் யூரோ திரட்டிய பிறகே அனைவருக்கும் உரியதாயிற்று. நான்கிலும் பொதுவாக உள்ள செய்தி, இவற்றுள் எதுவும் தனியாக உட்கார்ந்து கற்கும் ஒரு மாணவரை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டதல்ல என்பதே. ஓவியர், நிரலர், ஒலிக்கலைஞர், ஒளியமைப்பாளர், அசைவூட்டக் கலைஞர் என்று பலர் பகிர்ந்து செய்யும் வேலைகள் எல்லாம் ஒரே சாளரத்துக்குள் குவிக்கப்பட்டிருக்கின்றன. தனி ஆள் அதைத் திறந்தால் ஐந்து தொழில்களின் பட்டறைகளும் அவர் முன் ஒரே நேரத்தில் திறந்துகொள்கின்றன.

அன்ரியல் 2014-இல் மாதச் சந்தாவுக்கும் 2015 மார்ச்சில் இலவசமாகவும் கிடைக்கத் தொடங்கியது. யூனிட்டியும் கோடோவும் அதே காலத்தில் எட்டும் தூரத்தில் இருந்தன. கருவி எல்லோருக்கும் வந்துவிட்டது, ஆசிரியர் வரவில்லை. அந்த இடைவெளியைத்தான் யூடியூப் நிரப்பியது. நம் பகுதிக்கு அது உண்மையாக வந்து சேர்ந்தது 2016 செப்டம்பரில் ஜியோ தொடங்கி டேட்டா விலை சரிந்த பிறகே.

காணொளி எப்படித் தயாராகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். சொல்லித் தருபவர் அந்த விளையாட்டை ஏற்கெனவே ஒரு முறையேனும் செய்து முடித்திருப்பார். எந்த நோடு பொருந்தவில்லை, எந்த அமைப்பு மற்றொன்றோடு மோதியது, எதைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு வழிக்குப் போனார் என்பவை எல்லாம் பதிவுக்கு முன்பே நடந்து முடிந்தவை. பதிவின்போது நேர்ந்த தடுமாற்றங்களும் படத்தொகுப்பில் வெட்டப்பட்டுவிடும். வெட்டாவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். எனவே பார்ப்பவருக்குக் கிடைப்பது முடிவுகளின் விளைவு மட்டுமே. சொடுக்க வேண்டிய பொத்தான்களின் வரிசை மனத்தில் பதிகிறது. அதே பொத்தானைச் சொடுக்கக் கூடாத சூழல் எது என்பது பதிவதே இல்லை.

பார்த்தாலே வந்துவிடும் என்ற நம்பிக்கை எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதைச் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கார்டஸ், எட் ஓ’பிரையன் ஆகியோர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. மேசைமேல் இருக்கும் பாத்திரங்கள் விழாமல் விரிப்பை மட்டும் உருவுவது, பின்னோக்கி வழுக்கி நடக்கும் மூன்வாக் நடனம், குறிபார்த்து அம்பு எறிவது போன்ற காட்சிகளைச் சிலருக்கு ஒரு முறையும் சிலருக்கு இருபது முறையும் காட்டினார்கள். இருபது முறை பார்த்தவர்கள் தங்களால் செய்ய முடியும் என்று கூடுதலாக நம்பினார்கள். செய்து காட்டச் சொன்னபோது ஒரு முறை பார்த்தவர்களைவிட அவர்கள் ஒன்றும் மேலாகச் செய்துவிடவில்லை. அதே ஆய்வில், மேலே எறிந்து மாறிமாறிப் பிடிக்கும் வித்தைக்குரிய கட்டைகளை ஒரு நிமிடம் கையில் பிடித்துப் பார்த்தவர்களின் மிதப்பு சற்று இறங்கியது என்பது எனக்கு முதல் முடிவைவிட முக்கியமாகப் படுகிறது. செய்து முடிப்பதுகூட வேண்டியதில்லை, கருவியின் எடையை உணர்ந்தாலே நம் கணிப்பு சரியாகத் தொடங்கிவிடுகிறது.

அதற்காகக் காணொளியே வீண் என்று சொல்வதும் தவறாகும். ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-இல் இயற்கணிதம் கற்கும் மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், தொடக்க நிலையில் இருப்பவர்கள் தாமாகத் திணறித் தீர்ப்பதைவிடத் தீர்க்கப்பட்ட எடுத்துக்காட்டுகளைப் படிப்பதன்மூலம் விரைவாகக் கற்கிறார்கள் என்று கண்டார்கள். புதிதாக வருபவரின் கவனம் எங்கே எந்தப் பட்டியல் இருக்கிறது என்பதிலேயே தீர்ந்துவிடுவதால், வழிகாட்டப்பட்ட எடுத்துக்காட்டு அவருடைய சுமையைக் குறைக்கிறது. ஆனால் ஓரளவு தெரிந்துகொண்டவருக்கு அதே உதவி தடையாக மாறுகிறது என்பதும் பின்வந்த ஆய்வுகளில் தெளிவாயிற்று. ஆகவே எந்தக் காணொளி நல்லது என்பதைக் காட்டிலும் எப்போது அதை நிறுத்துவது என்பதே பெரிய கேள்வி. அதற்கு மட்டும் எந்தக் காணொளியிலும் விடை இருப்பதில்லை, இருக்கவும் முடியாது, ஏனென்றால் பார்த்து முடித்ததும் அடுத்ததைப் பார்க்க வைப்பதே அந்தத் தளத்தின் இயல்பு.

இதற்கு மேல் பதிப்பு என்ற சிக்கல் ஒன்று இருக்கிறது. நூலகத்தில் இருக்கும் பழைய இயற்பியல் நூல் இன்றும் சரியாகவே இருக்கும். ஐந்தாண்டுக்கு முந்தைய கேம் எஞ்சின் காணொளி அப்படி இருப்பதில்லை. 2019 ஜூலையில் வந்த பிளெண்டர் 2.80, அதுவரை வலது சொடுக்கில் நடந்துவந்த தேர்ந்தெடுப்பை இடது சொடுக்குக்கு மாற்றியது. 2023 மார்ச் 1 அன்று வந்த கோடோ 4.0, ‘கைனமேட்டிக்பாடி2டி’ என்று இருந்ததைக் ‘கேரக்டர்பாடி2டி’ என்றும், ‘ஸ்பேஷியல்’ என்று இருந்ததை ‘நோடு3டி’ என்றும் மாற்றியது. நிரலில் ‘யீல்டு’ போய் ‘அவெய்ட்’ வந்தது. 2024 அக்டோபரில் வந்த யூனிட்டி 6-இல், பொருளின் திசைவேகத்தைக் குறித்த ‘வெலாசிட்டி’ என்ற சொல் ‘லீனியர்வெலாசிட்டி’ ஆகிவிட்டது. யூனிட்டியைப் பல ஆண்டுகள் கற்பித்த பிராக்கீஸ் என்ற டேனிஷ் யூடியூப் அலைவரிசை 2020-இல் நிறுத்தப்பட்டு, 2024-இல் கோடோவைக் கற்பிக்கத் திரும்பி வந்தது. இடையில் 2023 செப்டம்பரில் ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று யூனிட்டி அறிவித்து, எதிர்ப்புக்குப் பின் ஓராண்டில் அதைக் கைவிட்டிருந்தது. பழைய காணொளிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. தேடினால் அவையும் முன்னால் வந்து நிற்கும்.

“அண்ணா, வீடியோவுல இருக்கிற மாதிரியேதான் அடிச்சேன், எனக்கு மட்டும் எரர் வருது” என்று கல்லூரியில் மூத்த மாணவரிடம் வந்து நிற்பவர்களில் பலர் இந்தப் பதிப்பு மாற்றத்தில் சிக்கியவர்களே. ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்ப்போம். கோடோ 3-இல் பாத்திரத்தை நகர்த்தும் ‘மூவ் அண்ட் ஸ்லைடு’ என்ற கட்டளைக்கு அடைப்புக்குறிக்குள் திசைவேகத்தைக் கொடுக்க வேண்டும். கோடோ 4-இல் திசைவேகம் அந்த நோடின் பண்பாகவே ஆகிவிட்டதால் அடைப்புக்குறி காலியாக இருக்க வேண்டும். பழைய காணொளியைப் பார்த்துப் புதிய பதிப்பில் எழுதினால் சிவப்பில் ஒரு பிழைச் செய்தி வரும். அதிகம் போனால் 0 மதிப்பு எதிர்பார்க்கப்பட்டது, வந்ததோ 1 என்று அது தெளிவாகவே சொல்லும். செய்தி ஆங்கிலத்தில் இருப்பது ஒரு தடைதான். அதைவிடப் பெரிய தடை, சிவப்பைக் கண்டதும் படிக்காமல் அழித்துவிட்டுக் காணொளியைப் பின்னோக்கி ஓட்டும் பழக்கம். மென்பொருள் சொல்வதைக் கேட்காமல் காணொளியில் இருப்பவரையே மறுபடி மறுபடி கேட்டால் அவர் சொன்னதையேதான் சொல்வார்.

இன்னொரு பிழை எந்தச் சிவப்பையும் காட்டாது. வேகத்தைக் காலத்தால் பெருக்க வேண்டும் என்று ஏதோ ஒரு காணொளியில் கேட்டதை வைத்து, ஓடும் வேகமான 300-ஐயும் ‘டெல்டா’வால் பெருக்கிவிடுவார்கள். டெல்டா என்பது இரண்டு தவணைகளுக்கு இடைப்பட்ட காலம், அதாவது நொடியில் அறுபதில் ஒரு பங்கு. மேற்சொன்ன ‘மூவ் அண்ட் ஸ்லைடு’ கட்டளை அந்தப் பெருக்கலைத் தானே செய்துகொள்கிறது என்பதால், பாத்திரம் நொடிக்கு 5 பிக்சல் வேகத்தில் நகரும். நகர்கிறதா என்பதே கண்ணுக்குத் தெரியாது. பிறகு வேகத்தை 18,000 என்று மாற்றி ஓட வைத்துவிட்டு, சரியாகிவிட்டது என்று மேலே போவார்கள். அலகு என்ன, மீட்டரா, நொடிக்கு மீட்டரா என்று ஆறாம் வகுப்பிலிருந்து ஆசிரியர் கேட்டுக்கொண்டே வந்த கேள்வியை இங்கே ஒரு முறை கேட்டிருந்தால் 18,000-க்கு வேலையே இருந்திருக்காது.

பதிப்புச் சிக்கலுக்கு நடைமுறைத் தீர்வு உண்டு. கோடோ, பிளெண்டர், யூனிட்டி மூன்றுமே தங்கள் பழைய பதிப்புகளை அதிகாரப்பூர்வத் தளங்களில் வைத்திருக்கின்றன. காணொளியின் தொடக்கத்தில் திரையில் தெரியும் பதிப்பு எண்ணைப் பார்த்து அதையே நிறுவிக் கற்கலாம். கற்று முடித்தபின் அதே திட்டத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றிப் பார்ப்பது தனியான, மிகவும் பயனுள்ள பயிற்சி. என்ன மாறியது, ஏன் மாற்றினார்கள் என்று தேடும்போதுதான் முன்பு பொருளறியாமல் எழுதிய வரிகளுக்குப் பொருள் தெரியவரும்.

இனி இடத்தைப் பற்றி. ஓசூருக்கும் பெங்களூருக்கும் 40 கிலோமீட்டர்தான். இந்தியாவின் தொடக்ககால கேம் நிறுவனங்களில் ஒன்றான துருவா இன்டராக்டிவ் 1997-இல் தொடங்கப்பட்டது பெங்களூரில்தான். பின்னாளில் அதை வாங்கிய ராக்ஸ்டார் கேம்ஸின் இந்தியக் கிளையும் அங்கேயே இருக்கிறது. ஆனால் அந்த 40 கிலோமீட்டரின் பயன் ஓசூரோடு நின்றுவிடுகிறது. தருமபுரி, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, கிருஷ்ணகிரி என்று உள்ளே வரவர, கணினி மையம் என்றால் டேலி, டிடிபி, எம்எஸ் ஆஃபீஸ் என்ற அளவில்தான் பெரும்பாலும் இருக்கிறது; பொறியியல் கல்லூரிகளில் சி, ஜாவா கற்பிக்கிறார்கள், கேம் எஞ்சின் பாடத்திட்டத்துக்கு வெளியே நிற்கிறது. ஆகவே இந்தத் துறையில் ஆர்வமுள்ளவருக்குக் காணொளியைத் தவிர வேறு ஆசிரியர் அருகில் இல்லை, அதையும் அவர் பெரும்பாலும் கைப்பேசியில் பார்க்கிறார். ஒரு கையில் காணொளி ஓடும் கைப்பேசி, எதிரில் மென்பொருள் திறந்த மடிக்கணினி என்பதே இங்குள்ள வகுப்பறை.

இந்த வகுப்பறைக்கு அதற்கே உரிய தொல்லைகள் உண்டு. தெளிவான தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தாலே நாளுக்கான ஒன்றரை ஜிபி தீர்ந்துவிடக்கூடும் என்பதால் தரத்தை 360-க்குக் குறைத்துப் பார்க்கிறார்கள். அந்தத் தரத்தில், ஆறங்குலத் திரையில், முற்றுப்புள்ளிக்கும் காற்புள்ளிக்கும் வேறுபாடு தெரியாது. கோடோவின் நிரல்மொழியில் ஒரு வரி எத்தனை இடம் உள்தள்ளி எழுதப்பட்டிருக்கிறது என்பதே அது எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பதைத் தீர்மானிக்கிறது. மங்கலான படத்தில் அந்த உள்தள்ளலைக் கண்டுபிடிக்க முடியாமல் பிழை வாங்குபவர்கள் ஏராளம். அஞ்செட்டி, வத்தல்மலைப் பக்கங்களில் சிக்னல் விட்டுவிட்டு வரும்போது இதுவும் கிடைக்காது.

கணினியின் திறனும் தேர்வைத் தீர்மானிக்கிறது. அன்ரியல் 5-க்கு 32 ஜிபி நினைவகமும் 8 ஜிபி கிராஃபிக்ஸ் நினைவகமும் பரிந்துரைக்கப்படுகின்றன. நிறுவவே பல பத்து ஜிபி வேண்டும். கோடோவின் பதிவிறக்கம் நூறு எம்பிக்குள் முடிந்துவிடுகிறது, பழைய கிராஃபிக்ஸ் கருவிகளில் இயங்குவதற்கென்று தனி வரைவு முறையும் அதில் இருக்கிறது. கண்ணைக் கவரும் அன்ரியல் காட்சிகளைப் பார்த்துவிட்டு, 4 ஜிபி நினைவகம் கொண்ட மடிக்கணினியில் அதை நிறுவ இரண்டு நாள் போராடி, கேம் உருவாக்கமே நமக்கு ஆகாது என்ற முடிவுக்கு வருவது தேவையற்ற இழப்பு. இருபரிமாண விளையாட்டில் தொடங்குவது தாழ்வான தேர்வு என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே கற்கும் திசைவேகமும் விசையும் மோதலும்தான் முப்பரிமாணத்திலும் இருக்கின்றன, ஓர் அச்சு கூடுகிறது, அவ்வளவே.

தமிழில் விளக்கும் காணொளிகள் முன்பைவிடக் கூடியிருக்கின்றன, அவை முதல் தயக்கத்தை உடைக்கவும் செய்கின்றன. ஆனால் பலவும் ஆங்கிலக் காணொளியின் அதே விளையாட்டை, அதே வரிசையில், தமிழில் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. மொழி மாறுகிறது, விடுபட்ட பாதி விடுபட்டதாகவே இருக்கிறது.

அந்தப் பாதியை எப்படி நிரப்பலாம் என்பதற்கு ஒகேனக்கல் பரிசலை எடுத்துக்கொள்வோம். மேலிருந்து பார்க்கும் கோணத்தில் ஆற்றில் படகு ஓட்டும் விளையாட்டைக் கற்பிக்கும் காணொளிகள் நிறைய இருக்கின்றன. அவற்றின் நிரலில் பொதுவாக மூன்று வேலைகள் நடக்கும்: முன்னே செல்லும் பொத்தானை அழுத்தினால் படகின் மூக்கு பார்க்கும் திசையில் விசை செலுத்தப்படும், இடம் வலம் அழுத்தினால் படகு திரும்பும், படகு பக்கவாட்டில் வழுக்காமல் இருப்பதற்காகப் பக்கவாட்டுத் திசைவேகம் ஒவ்வொரு தவணையிலும் குறைக்கப்படும். இந்த நிரலை வைத்துக்கொண்டு படகின் படத்தை மட்டும் வட்டமான பரிசலாக மாற்றினால், திரையில் ஓடுவது பரிசல் வேடம் போட்ட விசைப்படகு. ஒகேனக்கல்லில் ஒரு முறை பரிசலில் போனவர்கூட இது தவறு என்று உடனே சொல்லிவிடுவார்.

ஏன் தவறு என்று கேட்கும்போதுதான் கற்றல் தொடங்குகிறது. பரிசலுக்கு மூக்கும் இல்லை, முன்புறமும் இல்லை. ஆகவே மூக்கு பார்க்கும் திசை என்ற வரிக்குப் பொருளில்லை. நீரைக் கிழித்து நேராகப் பிடித்துக்கொள்ளும் அடிப்பகுதி அதற்கு இல்லை, எந்தப் பக்கம் போனாலும் நீரின் தடை ஒன்றே; ஆகவே பக்கவாட்டு வழுக்கலைத் தடுக்கும் வரிகளை நீக்கிவிட வேண்டும். திருப்புவதற்கென்று தனி ஏற்பாடும் கிடையாது. ஓட்டி விளிம்பில் அமர்ந்து துடுப்புப் போடுகிறார்; அந்த விசையின் கோடு பரிசலின் மையத்தின் வழியே சென்றால் பரிசல் நேராக நகர்கிறது, மையத்தை விட்டு விலகிச் சென்றால் நகர்வதோடு சுழலவும் செய்கிறது. துடுப்பை இடமும் வலமும் மாற்றி மாற்றிப் போடுவது ஒரு சுழற்சியை மறு சுழற்சியால் சமன்செய்யத்தான். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் திண்பொருள்களின் இயக்கம் பற்றிய பாடத்தில் திருப்புவிசை என்று படித்தது இதுவே. கோடோவில் அதற்கு, செலுத்தப்படும் விசைகளுக்கு ஏற்ப நகரும் ‘ரிஜிட்பாடி2டி’ நோடும், விசையை எந்த இடத்தில் செலுத்துவது என்று சொல்லக்கூடிய ‘அப்ளை ஃபோர்ஸ்’ கட்டளையும் இருக்கின்றன. மூன்று வேலைகளில் இரண்டை நீக்கி ஒன்றை மாற்றி எழுதியாயிற்று. நிரல் முன்பைவிடச் சிறியது, ஆனால் ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று எழுதியவருக்குத் தெரியும்.

இப்போது ஓட்டிப் பார்த்தால் ஒரு விந்தை நிகழும். துடுப்பு பரிசலின் வலது விளிம்பில் இருப்பதாக, மையத்திலிருந்து 40 பிக்சல் வலப்புறம் என்று எழுதியிருப்போம். தொடக்கத்தில் சரியாகச் சுழலும். பரிசல் கால்வட்டம் திரும்பிய பிறகு, ஓட்டி திரும்பியிருப்பார், துடுப்பின் விசை மட்டும் திரையின் வலப்புறத்திலேயே செலுத்தப்பட்டுக்கொண்டிருக்கும். காணொளியில் இதற்கு விடை தேடினால் கிடைப்பது அரிது, ஏனென்றால் படகை வைத்துக் கற்பித்தவருக்கு இந்தச் சிக்கலே வந்திருக்காது. கோடோவுக்குள் எஃப்1 பொத்தானை அழுத்தினால் எல்லாக் கட்டளைகளுக்கும் உரிய விளக்கக் குறிப்பு இணையம் இல்லாமலேயே திறக்கும். டேட்டா தீர்ந்த மாலைகளில் இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. ‘அப்ளை ஃபோர்ஸ்’ பற்றிய குறிப்பில், கொடுக்கப்படும் இடம் பொருளின் மையத்திலிருந்து அளக்கப்பட்டாலும் அதன் திசை உலக ஆயத்தொலைவுகளில் (பொருளோடு சேர்ந்து சுழலாத அச்சுகளில்) இருக்க வேண்டும் என்று ஒரே வரியில் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே அந்த 40 பிக்சல் விலக்கத்தையும் விசையின் திசையையும் பரிசலின் அப்போதைய கோணத்துக்குச் சுழற்றிய பின்பே கொடுக்க வேண்டும்.

அடுத்தது ஆற்றின் ஓட்டம். காணொளிப் படகு குளத்தில் ஓடுவது போன்றது; வேகத்தைத் தணிக்க எஞ்சினில் உள்ள ‘லீனியர் டேம்ப்’ என்ற அமைப்பு போதும், அது பொருளை மெல்ல நிற்க வைத்துவிடும். காவிரியில் துடுப்பை எடுத்துவிட்டால் பரிசல் நிற்காது, நீரோடு போகும். நீரின் தடை கரையைப் பொறுத்த வேகத்துக்கு ஏற்ப அமைவதில்லை, நீரைப் பொறுத்த வேகத்துக்கு ஏற்பவே அமைகிறது. இது பாடநூலில் சார்புத் திசைவேகம். ஆக, ஆற்றின் திசைவேகத்திலிருந்து பரிசலின் திசைவேகத்தைக் கழித்து, அதை ஒரு மாறிலியால் பெருக்கி, ஒவ்வொரு தவணையும் விசையாகச் செலுத்த வேண்டும். அப்படி எழுதி, டேம்ப் மதிப்பையும் சுழியாக்கிய பிறகும் பரிசல் ஆற்றைவிடச் சற்று மெதுவாகவே மிதக்கும். திட்டம் முழுவதற்கும் பொதுவாக 0.1 என்ற தணிப்பு முன்னமே வைக்கப்பட்டிருக்கிறது, நோடில் நாம் கொடுக்கும் மதிப்பு அதோடு கூட்டப்படுகிறது என்பதே காரணம். இதுவும் எஃப்1 குறிப்பில் இருக்கிறது. நோடின் தணிப்பு முறையைக் ‘கம்பைன்’ என்பதிலிருந்து ‘ரீப்ளேஸ்’ என்று மாற்றிய பிறகே, நிரலில் எழுதிய ஆற்றின் வேகமும் திரையில் மிதக்கும் பரிசலின் வேகமும் ஒத்துவரும்.